சாவி யாரிடம் இருக்கிறது?

2025 மார்ச் 27 அன்று அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். நாட்டின் வரலாற்றுக்கு ‘உண்மையையும் நிதானத்தையும்’ மீட்டுத் தரப்போவதாக அதன் தலைப்பே சொன்னது. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களில் தவறான கருத்தியல் புகுந்துவிட்டது, அதைக் களைய வேண்டும் என்பது உள்ளடக்கம். அதில் பெயர் சொல்லிக் குறைகூறப்பட்டவற்றில் ஒன்று, வாஷிங்டனில் 2016இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று, பண்பாட்டு அருங்காட்சியகம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2023 ஜனவரியில், ஆப்பிரிக்க அமெரிக்கர் குறித்த பாடத்திட்டம் ஒன்றைத் தன் பள்ளிகளுக்குள் விட மறுத்திருந்தது ஃப்ளோரிடா மாநிலம்.

பலருக்கு இது அதிர்ச்சி. ஆனால், அதே வாஷிங்டனில் ஒன்பதாம் தெரு 1538ஆம் எண் வீட்டில் வாழ்ந்து, 1950இல் இறந்துபோன ஒருவர் இன்று இருந்திருந்தால் புருவத்தைக்கூட உயர்த்தியிருக்க மாட்டார். அரசாங்கமும் பணக்கார அறக்கட்டளைகளும் கொடுத்த கையாலேயே பிடுங்கிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் காரியம் பார்த்தார். கார்ட்டர் ஜி. உட்சன் அவர் பெயர். அவரிடம் பிறகு வருகிறேன்.

பல்கலைக்கழகங்களுக்கு வெளியே நின்று அறிவைத் திரட்டிய ஆப்பிரிக்க வம்சாவளியினரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர்கள் பட்ட அவமானங்களைச் சொல்வார்கள். அதன் பிறகு அவர்களுடைய மேதைமையைச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர்கள் வாடகை கட்டிய விதம். யார் காசில் அச்சடித்தார்கள், அச்சடித்ததை எங்கே அடுக்கினார்கள், பத்திரம் யார் பெயரில் இருந்தது என்ற சில்லறைக் கேள்விகள். அவர்களுடைய அறிவு பிழைத்ததா, அழிந்ததா என்பதை இந்தச் சில்லறைகள்தான் தீர்மானித்தன.

பதினெட்டுக் கையெழுத்துகள்

1761இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்த அடிமைக் கப்பலில் ஒரு சிறுமி இருந்தாள். ஏழெட்டு வயது இருக்கும். கப்பலின் பெயரையே அவளுக்கும் வைத்தார்கள்: ஃபில்லிஸ். வாங்கிய குடும்பத்தின் பெயர் வீட்லி. அந்தப் பெண் கவிதை எழுதினாள். 1773இல் அவளுடைய தொகுப்பு லண்டனில் அச்சானது. அதன் முன்பக்கங்களில் ஓர் அறிக்கை உண்டு: இக்கவிதைகளை இந்தக் கறுப்பினப் பெண்தான் எழுதினாள் என்று நம்புகிறோம் எனப் பாஸ்டன் நகரத்துப் பெரிய மனிதர்கள் 18 பேர், ஆளுநர் உட்பட, பெயர் போட்டுச் சான்று அளித்திருக்கிறார்கள்.

கவிதையை யாரும் இங்கே மதிப்பிடவில்லை. எழுதியது இவள்தானா என்பதுதான் கேள்வி. பிறகு வந்த ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இந்தச் சான்றிதழ் வேறு வேறு வடிவத்தில் கேட்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 1910இல் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் அமெரிக்க வரலாற்றாய்வாளர்களின் முதன்மை இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவர். கட்டுரையில் தம் இனத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி அச்சிட வேண்டும் என்று கேட்டார். ஆசிரியர் மறுத்துவிட்டார். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்கிற பேதமே இல்லாததால் நமக்கு இது அற்பச் சண்டையாகத் தோன்றலாம். எல்லா நாட்டார் பெயருக்கும் கொடுக்கிற மரியாதையை ஓர் இனத்துக்கு மட்டும் கொடுக்காத அச்சகத்தில், அந்த இனத்தின் வரலாறு என்ன லட்சணத்தில் வரும் என்று யோசித்தால் சண்டையின் பெறுமதி புரியும்.

தபால் பிரிவில் ஒரு சேகரிப்பாளர்

நியூயார்க், வால் ஸ்ட்ரீட். பேங்கர்ஸ் டிரஸ்ட் என்ற வங்கியில் 1906இல் தபால் வேலைக்குச் சேர்ந்தார் ஆர்துரோ ஷாம்பர்க். போர்ட்டோ ரிக்கோவில் 1874இல் பிறந்து, 17 வயதில் நியூயார்க்குக்கு வந்தவர். தாய், கரீபியத் தீவு ஒன்றிலிருந்து வந்த கறுப்பினப் பெண். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஸ்பானிஷ் நன்றாகத் தெரியும் என்பதால் லத்தீன் அமெரிக்க, கரீபியத் தபால்களைக் கவனிக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளர் ஆனார். 1929 வரை அங்கேதான் உத்தியோகம்.

சிறுவனாக இருந்தபோது வகுப்பில் ஆசிரியர் ஒருவர், கறுப்பர்களுக்கு வரலாறும் கிடையாது, நாயகர்களும் கிடையாது என்றாராம். அந்தச் சொல் உள்ளே தைத்தது. ஆத்திரப்பட்டவர் பழைய புத்தகக் கடைகளில் தேட ஆரம்பித்தார். வியாபாரிகளுக்குக் கடிதம் போட்டார். வெளிநாடு போகும் நண்பர்களிடம் இன்னின்ன புத்தகம் கிடைத்தால் வாங்கி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். வீட்லியின் கவிதைகள் வந்து சேர்ந்தன. தானாகவே வானியல் கற்று, 1792ஆம் ஆண்டுக்குப் பஞ்சாங்கம் கணித்து வெளியிட்ட பெஞ்சமின் பானக்கரின் பிரதிகள் வந்தன. ஹைட்டியின் அடிமைப் புரட்சிக்குத் தலைமை தாங்கிய தூசான் லூவெர்த்தூர் கையெழுத்திட்ட தாள்கள் வந்தன. இதெல்லாம் மாதச் சம்பளத்தில். வீட்டில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1911இல் ஜான் எட்வர்ட் புரூஸ் என்ற பத்திரிகையாளருடன் சேர்ந்து ஒரு வரலாற்று ஆய்வுக் கழகத்தைத் தொடங்கினார். அதில் பேராசிரியர்களைவிடப் பத்திரிகைக்காரர்களும் புத்தகப் பிரியர்களும்தான் அதிகம். 1926இல், கார்னகி அறக்கட்டளையின் பணத்தைக் கொண்டு நியூயார்க் பொது நூலகம் அவருடைய சேகரிப்பை 10,000 டாலருக்கு வாங்கியது. சுமார் 5,000 புத்தகங்கள், 3,000 கையெழுத்துப் பிரதிகள், 2,000 செதுக்கோவியங்கள், எண்ணாத துண்டு வெளியீடுகள். எல்லாம் ஹார்லெமின் 135ஆவது தெருக் கிளைக்குப் போயின.

பணம் வந்ததும் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஸ்பெயினுக்குக் கப்பல் ஏறினார். ஓவியர் வெலாஸ்கெஸிடம் அடிமையாக இருந்து, 1650இல் விடுதலைப் பத்திரம் பெற்று, தாமும் ஓவியரான ஹுவான் தெ பாரெஹாவைத் தேடிப் போனார். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான பாரெஹாவின் பெரிய ஓவியத்தில் புனித மத்தேயுவை இயேசு அழைக்கிற காட்சி இருக்கிறது. இடது ஓரத்தில் ஒருவர் கையில் தாளோடு நம்மைப் பார்த்து நிற்கிறார். அது பாரெஹாவேதான். தாளில் இருப்பது அவருடைய கையெழுத்து. பதினெட்டுப் பேரின் சான்றுக்குக் காத்திராமல், தன் படத்துக்குள் தானே நின்று பெயரைக் காட்டுகிறார். சம்பளக்காரர் ஒருவர் கடல் கடந்து போய் இந்த ஓரத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். ஐரோப்பியக் கலை வரலாற்றின் பெரிய புத்தகங்களில் அதுவரை பாரெஹா எஜமானரின் வால்பகுதியாகவே வந்துபோனவர்.

1932இல் அதே 135ஆவது தெரு நூலகத்தில், தாம் விற்ற புத்தகங்களுக்குத் தாமே காப்பாளர் ஆனார் ஷாம்பர்க், 1938இல் இறக்கும்வரை. அந்த நாள்களில் ஜான் ஹென்ரிக் கிளார்க் என்ற இளைஞர் அவரைப் பார்க்க வந்தார். அலபாமாவில் பிறந்து, சரக்கு ரயில் ஏறி 1933இல் ஹார்லெமுக்கு வந்தவர். என் மக்களின் வரலாற்றைச் சொல்லிக்கொடுங்கள் என்றார். முதலில் உன்னை ஆண்டவர்களின் வரலாற்றைப் படித்துவிட்டு வா, நீ தேடுவது உலக வரலாற்றில் காணாமல்போன பக்கங்கள்தான் என்கிற பொருளில் ஷாம்பர்க் சொன்னதாகக் கிளார்க் பிற்காலத்தில் அடிக்கடி நினைவுகூர்ந்தார். அவருக்கு இது போதுமான பல்கலைக்கழகமாக இருந்தது. 1969இல் ஹண்டர் கல்லூரியில் கறுப்பர், போர்ட்டோ ரிக்கர் ஆய்வுகள் துறைக்கு முதல் தலைவரானார்.

ஷாம்பர்க் விற்றது சரியா? நான் சரி என்றே சொல்வேன். தனி வீட்டில் இருந்திருந்தால் அவருக்குப் பிறகு ஏலத்தில் சிதறியிருக்கும். பல்கலைக்கழகம் ஒன்றில் முடங்கியிருந்தால், கிளார்க் போன்ற பையனை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். தெருவில் போகிறவர் நுழையக்கூடிய பொது நூலகத்துக்குப் போனது. இன்று ஷாம்பர்க் மையம் என்ற பெயரில் அங்கே ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன.

ஆனால், சேகரித்தால் மட்டும் போதாது. அடுக்கவும் தெரிய வேண்டும். அமெரிக்க நூலகங்கள் பின்பற்றிய டூயி பகுப்பு முறையில் கறுப்பர் எழுதிய எந்தப் புத்தகமும் பெரும்பாலும் இரண்டு எண்களுக்குள் தள்ளப்பட்டது. ஒன்று 325, குடியேற்றம். மற்றது 326, அடிமை முறை. கவிதை எழுதியிருந்தாலும் குடியேற்றம், சமையல் குறிப்பு எழுதியிருந்தாலும் அடிமை முறை. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1930 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நூலகராக இருந்த டொரத்தி போர்ட்டர் இதைத் தூக்கி எறிந்தார். கவிதை கவிதைக்குள், இசை இசைக்குள், மருத்துவம் மருத்துவத்துக்குள் என்று மாற்றி அடுக்கினார். புத்தகம் வாங்கக் காசு இருக்காது. பதிப்பாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் எழுதி, பரணில் கிடப்பதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குவார். அலமாரியில் ஓர் எண்ணை மாற்றுவது அறிவுப் புரட்சியா என்று கேட்பவர்கள், ஒருநாள் நூலகத்தில் உட்கார்ந்து வேலை செய்து பார்க்கலாம்.

ஒன்பதாம் தெரு வீடு

இனி உட்சன். பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்தவர்கள். 1875இல் வர்ஜீனியாவில் பிறந்தவர், இளமையில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்று ஒரு தொழிலாளி. உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர், நன்றாகச் சமைப்பவர், எழுத்து வாசனை இல்லாதவர். தன் வீட்டையே சுரங்கத் தொழிலாளிகளுக்கான சின்னக் கடையாக மாற்றி, பழமும் ஐஸ்கிரீமும் விற்றுக்கொண்டிருந்தார். கறுப்பர்கள் எழுதிய புத்தகங்களையும் செய்தித்தாள்களையும் வாங்கி வைத்திருப்பார். படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே! உட்சனுக்குப் படிக்கத் தெரியும் என்று தெரிந்ததும் ஒப்பந்தம் முடிந்தது. சாயங்காலம் இவர் உரக்கப் படிக்க வேண்டும், தின்பண்டம் இலவசம். பட்டுவாடா ஐஸ்கிரீமில். வேலை முடிந்து கரி அப்பிய முகத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் பங்கு, வரி, தேர்தல், போர் என்று எல்லாவற்றையும் கேட்டு விவாதித்தார்கள். தம் மக்களின் வரலாற்றின் மீது தமக்கு ஆர்வம் ஆழப்பட்டது அந்தக் கடையில்தான் என்று உட்சன் எழுதியிருக்கிறார்.

இருபதாவது வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, இரண்டே ஆண்டுகளில் முடித்தார். பிலிப்பைன்ஸில் ஆசிரியர் வேலை, சிகாகோவில் பட்டம், 1912இல் ஹார்வர்டில் வரலாற்றில் டாக்டர் பட்டம். டு பாய்ஸுக்குப் பிறகு அங்கே அப்பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பர். ஆக, உள்ளே போக முடியாதவர் இல்லை. போய், பார்த்து, வெளியே வந்தவர். ஹோவர்டில் முதன்மையர் பதவி கிடைத்தது. தலைவரோடு ஒத்துப்போகாமல் ஓராண்டில் விலகினார்.

1915 செப்டம்பர் 9 அன்று சிகாகோவில் கறுப்பர் விடுதி ஒன்றில் சிலர் கூடி ஒரு வரலாற்று ஆய்வுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். 1916 ஜனவரியில் அதன் காலாண்டிதழ் வந்தது. வெளியார் யாரும் அச்சிட மாட்டார்கள் என்பதால் 1921இல் சொந்தப் பதிப்பகம். 1922இல் ஒன்பதாம் தெருவில் மூன்று மாடி வீடு. கீழே அலுவலகமும் புத்தகக் கட்டுகளும், மேலே அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெருக்குவது, கட்டுவது, தபால்தலை ஒட்டுவது எல்லாம் அவரே. தெருப் பிள்ளைகள் அவரைப் புத்தகக்காரர் என்று கூப்பிட்டார்கள்.

அந்த வீட்டில் வேலை எப்படி நடந்தது? 1925இல் லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற இளைஞர் அங்கே உதவியாளராக இருந்தார். 1830ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில், அடிமையாக இல்லாத கறுப்பினக் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. ஏறத்தாழ 30,000 பெயர்கள். அவற்றைத் திரட்டிப் புத்தகமாக்க வேண்டும். ஹியூஸின் வேலை, அத்தனை பெயர்களையும் அகரவரிசையில் அடுக்குவது. காலையில் வந்து அடுப்பில் கரி போட்டு வீட்டைச் சூடாக்குவதும் அவர்தான். கண் போய்விடும் போலிருக்கிறது என்று வேலையை விட்டுவிட்டு, ஓட்டலில் எச்சில் தட்டு எடுக்கப் போனார். ஹார்லெம் மறுமலர்ச்சியின் மகாகவி அவர். உட்சனிடம் வேலை பார்ப்பதைவிடத் தட்டு எடுப்பது அவருக்குச் சுகமாக இருந்தது.

இதை நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. கறுப்பர்கள் எல்லோரும் அடிமைகளாக இருந்தவர்கள்தானே என்ற பேச்சுக்கு உட்சன் பதில் பேசவில்லை; முப்பதாயிரம் பெயர்களை, ஊரும் வட்டமும் போட்டு, அச்சிட்டு வைத்தார். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பதால் அடிக்குறிப்புக்கு விலக்கு உண்டு என்று அவர் நினைக்கவே இல்லை. உள்ளே இருப்பவர் தப்பு செய்தால் தப்பு. நாம் செய்தால் நம் இனத்தின் தகுதியின்மைக்கு அத்தாட்சி என்பது அவருக்குத் தெரியும்.

எல்லோரும் அப்படி இருக்கவில்லை. ஜமைக்காவிலிருந்து வந்த ஜே.ஏ. ராஜர்ஸ், புல்மன் ரயில் பெட்டிகளில் பயணிகளுக்குப் படுக்கை விரித்த ஊழியர். 1917இல் சொந்தமாக ஒரு நூலை அச்சிட்டார். அதில் ரயில் ஊழியர் ஒருவர் வெள்ளையின செனட்டர் ஒருவரோடு வாதாடி ஜெயிக்கிறார். ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ இதழில் அவர் எழுதிய படத்தொடர், முடிதிருத்தும் கடை வரைக்கும் வரலாற்றைக் கொண்டுபோனது. அரிய தகவல்களைத் தோண்டி எடுத்தார் என்பதில் சந்தேகமில்லை. பீத்தோவன் கறுப்பினக் கலப்பு உடையவர் என்றும் அடித்துச் சொன்னார். அதற்கு ஆதாரம் நிற்காது. தட்டிக்கேட்க ஆள் இல்லாத இடத்தில் உண்மையும் ஆசையும் ஒரே பாயில் படுத்துக்கொள்ளும். வெளியே நின்று எழுதுகிறவர்களைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

உட்சனின் பெரிய பரீட்சை 1930களின் தொடக்கத்தில் வந்தது. ஆரம்பத்தில் அவருக்கும் அறக்கட்டளைகள் பணம் கொடுத்தன. பொருளாதார மந்தம் வந்ததும், சங்கத்தை ஏதாவது ஒரு கறுப்பினக் கல்லூரியோடு இணைத்துவிடுங்கள் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. செலவு குறையும், கட்டடம் கிடைக்கும். அந்தக் கல்லூரிகளுக்கே படியளப்பது யார் என்று யோசித்த உட்சன் மறுத்துவிட்டார். பெரிய நன்கொடைகள் நின்றுபோயின.

பிறகு சங்கத்தைக் காப்பாற்றியவர்கள் பள்ளி ஆசிரியைகளும் தேவாலயச் சபைகளும். 1926 பிப்ரவரியில் உட்சன் தொடங்கிய வரலாற்று வாரத்துக்காகப் படங்கள், சிறு நாடகங்கள், பாடக் குறிப்புகள் என்று பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்புவார். ஆசிரியைகள் தம் சொற்பச் சம்பளத்திலிருந்து ஒரு டாலர், இரண்டு டாலர் அனுப்புவார்கள். 1930இல் அவருடைய உதவியாளர் லொரன்சோ கிரீன், மாணவர்கள் சிலரோடு காரில் ஊர் ஊராகப் போய் வீடு வீடாகப் புத்தகம் விற்றார். மந்தக் காலத்தில் வரலாற்றுப் புத்தகம்! வாங்கினார்கள்.

1930களில் லூசியானாவின் பள்ளி ஒன்றில் கறுப்பின ஆசிரியை ஒருவர் இருந்தார். வெள்ளையர் கல்விக் குழு ஒப்புதல் அளித்த பாடத்திட்டம் மேசை மேல் விரித்திருக்கும். மடியில் உட்சனின் புத்தகம். மடியிலிருந்து படித்துப் பாடம் நடத்துவார். தலைமை ஆசிரியர் வரும் சத்தம் கேட்டால் கண் மேசைக்குப் போகும். போனதும் மடிக்குத் திரும்பும். உட்சனின் பல்கலைக்கழகம் அந்த மடியில் நடந்தது. கோடீஸ்வரர் ஜான் டி. ராக்ஃபெல்லர் கொடுத்திருக்கக்கூடிய எந்தக் கட்டடமும் அத்தனை தூரம் உள்ளே போயிருக்காது.

வீட்டடியில் வகுப்பு

கரீபியனில் இதே கதை ரத்தத்தோடு நடந்தது. கயானாவின் வால்டர் ராட்னி 24 வயதில் லண்டனில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1968இல் ஜமைக்காவில் விரிவுரையாளர். வளாகத்தை விட்டு இறங்கி, கிங்ஸ்டனின் சேரிகளிலும் குப்பைமேட்டு ஓரங்களிலும் ரஸ்தாஃபாரி சமயத்தவரோடு தரையில் உட்கார்ந்து ஆப்பிரிக்க வரலாறு பேசினார். அரசுக்குப் பொறுக்கவில்லை. அக்டோபர் 15 அன்று கனடாவில் ஒரு மாநாட்டை முடித்துக்கொண்டு திரும்பியவரை விமானத்திலிருந்தே இறங்கவிடவில்லை. மறுநாள் கிங்ஸ்டன் தீப்பிடித்தது.

அந்தப் பேச்சுகளைப் புத்தகமாக்கப் பெரிய பதிப்பகங்களை யாரும் தேடவில்லை. லண்டனில் குடியேறியிருந்த ஜெசிகா, எரிக் ஹண்ட்லி தம்பதியினர் தம் வீட்டுக் கூடத்திலேயே ஒரு பதிப்பகத்தை ஆரம்பித்தார்கள். 1969இல் வந்த அதன் முதல் நூல் அதுதான். 1972இல் ஐரோப்பா ஆப்பிரிக்காவை எப்படி வளரவிடாமல் செய்தது என்பதைச் சொல்லும் ராட்னியின் புகழ்பெற்ற நூலையும் அவர்கள், தான்சானியப் பதிப்பகம் ஒன்றோடு சேர்ந்து வெளியிட்டார்கள்.

1974இல் ராட்னி ஊருக்குத் திரும்பினார். கயானா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி கொடுத்திருந்தது. அரசு தலையிட்டு அதை ரத்து செய்தது. குடும்பத்தோடு அங்கேயே தங்கினார். கயானாவின் மர வீடுகள் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டப்பட்டவை. கீழே நிழலான வெற்றிடம் இருக்கும். அந்த வீட்டடிகளில் கூட்டம் போட்டு வரலாறும் அரசியலும் பேசினார். மற்ற நேரத்தில் ஆவணக் காப்பகம். அவர் எழுதிக்கொண்டிருந்தது கயானாவின் உழைக்கும் மக்களின் வரலாறு. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்களின் பிள்ளைகளோடு, 1838 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றி வரப்பட்ட இந்தியர்களும் அதில் பாத்திரங்கள். அக்கப்பல்களில் ஒரு பகுதி மதராஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டவை; அப்படிப் போன தமிழர்கள் கொண்டுபோன மாரியம்மன் வழிபாடு காளிமாய் பூசையாக அங்கே இன்றும் நடக்கிறது. இந்த இரு கூட்டத்தையும் மோதவிட்டே ஆட்சி நடந்த நாட்டில், குழந்தைகளுக்காக அவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கோஃபி என்ற பையனின் கதையையும், இந்தியாவிலிருந்து வந்த லட்சுமி என்ற பெண்ணின் கதையையும் எழுதினார்.

1980 ஜூன் 13 இரவு, வாக்கி டாக்கியில் மறைத்துக் கொடுக்கப்பட்ட குண்டு காருக்குள் வெடித்து ராட்னி செத்தார். வயது 38. அரசின் கை அதில் இருந்தது என்று விசாரணை ஆணையம் 2016இல் அறிக்கை தந்தது. உழைக்கும் மக்களின் வரலாறு அவர் செத்த மறு ஆண்டு வெளிவந்தது. லட்சுமியின் கதை அச்சேற மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

லண்டனில் நம்மவர் ஒருவரும் இந்தக் கதைக்குள் வருகிறார். 1958 கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டுப் போன தமிழர் அ. சிவானந்தன், லண்டன் இன உறவுகள் நிறுவனத்தில் நூலகராக இருந்தார். பெரிய கம்பெனிகளின் காசில், மேட்டுக்குடிக் கனவான்களின் மேற்பார்வையில் கறுப்பர்களை ‘ஆராய்ந்த’ நிறுவனம் அது. 1972இல் ஊழியர்களும் உறுப்பினர்களும் வாக்கெடுப்பில் நிர்வாகத்தைத் தோற்கடித்தார்கள். கனவான்கள் போனார்கள், அவர்களோடு பணமும் போனது. வசதியான கட்டடத்தை விட்டுவிட்டுப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு ஓட்டைக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தார் சிவானந்தன். 1974 முதல் ‘ரேஸ் அண்டு கிளாஸ்’ என்ற பெயரில் அவர் நடத்திய இதழ், அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் உள்ள கறுப்பினச் சிந்தனையாளர்களுக்கு மேடை ஆனது. உட்சனுக்கு வந்த அதே கேள்விதான் இவருக்கும் வந்தது. பதிலும் அதேதான்.

இதனால் பல்கலைக்கழகமே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1960களின் இறுதியில் மாணவர்கள் போராடிப் பெற்ற கறுப்பின ஆய்வுத் துறைகள் இல்லாவிட்டால், இவர்களில் பாதிப் பேரை இன்று யாரும் படித்திருக்க மாட்டார்கள். துறைகள் வரட்டும், அருங்காட்சியகங்கள் வரட்டும். அவை வந்துவிட்ட தைரியத்தில் சொந்த அலமாரியைக் காலிசெய்துவிடக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஃப்ளோரிடாவில் பள்ளிக் கதவு மூடியதும் என்ன நடந்தது? கறுப்பினத் தேவாலயங்கள் பலவும் வரலாற்றுப் பாடத்தைத் தாங்களே நடத்த ஆரம்பித்தன. யாரும் அவர்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பழக்கம் அங்கே நூறாண்டாக இருக்கிறது.

ஒன்பதாம் தெரு 1538ஆம் எண் வீடு இப்போது தேசிய வரலாற்றுத் தலம். அதன் சாவி மத்திய அரசின் தேசியப் பூங்காத் துறையிடம் இருக்கிறது. 1916 ஜனவரியில் அங்கு குடிவருவதற்கு முன்பே உட்சன் தொடங்கிய காலாண்டிதழ், பெயர் மாறி, ‘ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று இதழ்’ என்று வருகிறது. வெளியிட்டுக் கொடுப்பது சிகாகோ பல்கலைக்கழகத்தின் பதிப்பகம். இதழ் இன்றும் சங்கத்தினுடையது.